மூளைக்குள் இருந்த தழும்புகளை வரைந்த டாக்டர்: யார் இந்த ஷார்கோ? மைக்ரோ ஆர்என்ஏ ஆய்வுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்எஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும் சொல்வார்கள். உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் பேர் இந்த நோயோடு வாழ்வதாக எம்எஸ் சர்வதேசக் கூட்டமைப்பு 2020-ல் கணக்கிட்டது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிட பெண்களுக்கே அதிகம் வரும்.

இந்த நோயில் என்னதான் நடக்குது? கரண்ட் வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பது போல, நம் நரம்பு இழைகளுக்கு மேலே மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே தடம் மாறி இந்த உறையைத் தாக்குகிறது. உறை போன இடத்தில் சிக்னல் தடுமாறும். கண் மங்கலாகும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். மூளையிலும் தண்டுவடத்திலும் அங்கங்கே தழும்பு விழும்.

இன்றைக்கு இந்தத் தழும்புகளை எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்துவிடலாம். ஸ்கேன், எக்ஸ்ரே எதுவுமே இல்லாத 1860-களில், இவை ஒரு தனி நோயின் அடையாளம் என்று உறுதியாகச் சொன்னவர் பாரிஸ் நகர மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோ. நவீன நரம்பியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர். பெரிய வெற்றிகளும், பெரிய சறுக்கலும் கொண்ட வாழ்க்கை அவருடையது.

வண்டி செய்பவரின் மகன்

1825 நவம்பர் 29-ஆம் தேதி பாரிஸில் பிறந்தார் ஷார்கோ. அப்பா குதிரை வண்டிகள் செய்யும் தொழில் நடத்தியவர். வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளில் படிப்பில் முந்துகிறவரை மட்டுமே மேற்படிப்புக்கு அனுப்ப முடியும் என்று அப்பா முடிவு செய்ததாகவும், அந்த வாய்ப்பு ஷார்கோவுக்குக் கிடைத்ததாகவும் அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு.

ஷார்கோ அதிகம் பேசாதவர். ஆனால் நன்றாகப் படம் வரைவார். ஓவியம் அவரை விட்டுப் போகவே இல்லை. நோயாளியின் முகம், நிற்கும் விதம், கை வளைந்திருக்கும் கோணம் என எல்லாவற்றையும் வரைந்து வைப்பார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததையும் வரைவார். பிற்காலத்தில் அவரது கண்டுபிடிப்புகளுக்கு இந்தப் பழக்கம் பெரிய பலமாக அமைந்தது.

1853-ல் கீல்வாதம், மூட்டுவாதம் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் வாங்கினார். பார்வைக்கு ஒன்று போல இருக்கும் இரண்டு நோய்களைப் பிரித்துக் காட்டும் வேலையை அப்போதே தொடங்கிவிட்டார்.

வெடிமருந்து ஆலை ஆஸ்பத்திரி ஆன கதை

1862-ல் சால்பெட்ரியர் மருத்துவமனையில் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்றார். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. வெடிமருந்து தயாரிக்கப் பயன்படும் வெடியுப்புக்கு பிரெஞ்சு மொழியில் உள்ள சொல்லில் இருந்து வந்த பெயர் அது. ஒரு காலத்தில் அங்கே வெடிமருந்து செய்தார்கள். 1656-ல் மன்னர் பதினான்காம் லூயி அதை ஏழைகளை அடைத்து வைக்கும் விடுதியாக மாற்ற உத்தரவிட்டார்.

ஷார்கோ போனபோது அங்கே சுமார் 5,000 பேர் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் ஏழைப் பெண்கள். ஆதரவில்லாத மூதாட்டிகள், வலிப்பு நோயாளிகள், கை கால் முடங்கியவர்கள், மனநலம் பாதித்தவர்கள். ஒருமுறை உள்ளே போனால் பலரும் உயிரோடு வெளியே வருவதில்லை.

பெயர் வாங்க நினைக்கும் டாக்டர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். ஆனால் ஷார்கோவின் கணக்கு வேறு. மாணவராக அங்கே பயிற்சி எடுத்த காலத்திலேயே, திரும்பி வந்து இங்கேதான் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். நாள்பட்ட நோய்கள் இத்தனை வகையில், இத்தனை எண்ணிக்கையில் ஒரே இடத்தில் வேறெங்கும் கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நண்பர் வல்பியானோடு சேர்ந்து வார்டு வார்டாகப் போனார். ஒவ்வொரு பெண்ணையும் பரிசோதித்துக் குறிப்பு எழுதினார். வருஷக் கணக்கில் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். அவர்கள் இறந்த பிறகு உடலைத் திறந்து மூளையையும் தண்டுவடத்தையும் ஆராய்ந்தார். உயிரோடு இருந்தபோது பார்த்த அறிகுறியையும், இறந்த பின் பார்த்த பாதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தார். ஷார்கோவின் முறை என்று மருத்துவ உலகம் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தையும் சொல்லியாகணும். இன்று நாம் பேசும் நோயாளியின் சம்மதம் என்ற நடைமுறை அந்தக் காலத்தில் இல்லை. அந்த ஏழைப் பெண்களின் உடலில் இருந்துதான் நரம்பியல் என்ற துறையே எழுந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

நடுக்கம் ஒன்றல்ல, இரண்டு

அந்தக் காலத்தில் கை நடுங்கினால், எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-லேயே நடுக்குவாதம் பற்றி எழுதியிருந்தார். ஆனாலும் எது அந்த நோய், எது வேறு என்ற குழப்பம் தீரவில்லை.

ஷார்கோ நடுக்கத்தை உற்றுப் பார்த்தார். சில நோயாளிகளுக்குக் கை சும்மா மடியில் கிடக்கும்போதே நடுங்கும், எதையாவது எடுக்கப் போனால் நடுக்கம் குறையும். வேறு சிலருக்கு இது அப்படியே தலைகீழ். சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வாய்க்குக் கொண்டு போகும்போது நடுக்கம் கூடிக்கொண்டே போய், தண்ணீர் சிந்திவிடும்.

வகுப்பில் இதை மாணவர்களுக்குப் புரிய வைக்க ஷார்கோ ஒரு எளிய வழியைக் கையாண்டார். நோயாளிகளுக்கு நீளமான இறகு வைத்த தொப்பிகளை மாட்டிவிட்டார். தலை லேசாக ஆடினாலும் இறகு ஆடும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

முதல் வகைக்கு பார்க்கின்சன் நோய் என்று பெயர் நிலைக்கக் காரணம் ஷார்கோதான். இரண்டாவது வகைதான் எம்எஸ்.

ஷார்கோவின் வீட்டு வேலைக்காரப் பெண் பற்றிய கதை ஒன்றும் உண்டு. ஷார்கோவின் மறைவுக்குப் பிறகு சிக்மண்ட் பிராய்ட் எழுதிய இரங்கல் கட்டுரையில் இது வருகிறது. கை நடுக்கத்தால் அந்தப் பெண் தட்டுகளை உடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டில் செலவு ஏறிக்கொண்டே போனது. ஆனாலும் ஷார்கோ அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. கடைசியில் அந்தப் பெண் இறந்த பிறகு, அவருக்கு இருந்தது மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்பு விழும் நோய் என்று நிரூபித்தார். இதை இரக்கம் என்று பார்ப்பதா, ஆராய்ச்சி ஆர்வம் என்று பார்ப்பதா? இரண்டுமே இருந்திருக்கலாம்.

1868: தழும்புக்குள் என்ன இருந்தது?

மூளைத் தழும்புகளை முதலில் பார்த்தவர் ஷார்கோ இல்லை. அவருக்கு முன்பே பிரிட்டனின் ராபர்ட் கார்ஸ்வெல், பிரான்ஸின் க்ருவெயே ஆகியோர் அவற்றைப் படமாக வெளியிட்டிருந்தார்கள். ஜெர்மனியின் ரிண்ட்ஃப்ளைஷ் 1863-ல், ஒவ்வொரு தழும்பின் நடுவிலும் ஒரு ரத்தக்குழாய் இருப்பதைக் கவனித்திருந்தார்.

அப்படின்னா ஷார்கோ புதுசா என்ன செய்தார்? துண்டு துண்டாகக் கிடந்த தகவல்களை ஒரே நோயாகக் கோத்தார். 1868-ல் நடத்திய விரிவுரைகளில், அறிகுறிகளையும் தழும்புகளையும் இணைத்து இந்த நோய்க்கு முழு வடிவம் கொடுத்தார். திட்டுத் திட்டாகத் திசு கெட்டிப்படுவது என்ற பொருளில் ஸ்கிளிரோஸ் ஆன் பிளாக் என்று பெயரிட்டார். பிரான்ஸில் இன்றும் இதே பெயர்தான்.

கண்மணி தானாக ஆடுவது, எதையாவது எடுக்கப் போகும்போது கை நடுங்குவது, சொற்களை அசை அசையாக நிறுத்தி நிறுத்திப் பேசுவது. இந்த மூன்றையும் சேர்த்து ஷார்கோவின் மூன்று அறிகுறிகள் என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் எம்எஸ் உள்ள எல்லோருக்கும் இந்த மூன்றும் சேர்ந்து வருவதில்லை என்பது பிறகு தெரியவந்தது.

மைக்ரோஸ்கோப்பில் அவர் பார்த்து வரைந்தவை இன்னும் முக்கியமானவை. நரம்பு இழையின் மேலே இருக்கும் மயலின் உறை காணாமல் போயிருந்தது. ஆனால் உள்ளே இருக்கும் இழை பல இடங்களில் அப்படியே இருந்தது. நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் பெருகிக் கிடந்தன. ரத்தக்குழாய்களை ஒட்டிக் கொழுப்புத் துளிகள் தென்பட்டன. சிதைந்த உறையின் மிச்சம் அது.

உறையை அழித்தது யார்? அந்தக் கேள்விக்கு ஷார்கோவிடம் பதில் இல்லை. நீண்ட நாள் துக்கம், மன உளைச்சல், ஈரமும் குளிரும், காய்ச்சல் போன்றவை காரணமாக இருக்கலாம் என்று நினைத்தார். நோய் எதிர்ப்பு மண்டலம் என்ற ஒன்றைப் பற்றிய அறிவே அப்போது வளர்ந்திருக்கவில்லை.

சிகிச்சைக்கும் வழி இல்லை. ஸ்ட்ரிக்னைன், சில்வர் நைட்ரேட், கோல்டு குளோரைடு, மின்சாரம் என அந்தக் காலத்தில் இருந்த பலவற்றை முயன்று பார்த்தார். எதுவும் நோயை நிறுத்தவில்லை. நோயைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடிந்தும், நோயாளிக்கு எதுவும் செய்ய முடியாத நிலை.

புகழின் உச்சம்

அடுத்த 20 ஆண்டுகளில் ஷார்கோ தொட்டதெல்லாம் மருத்துவப் புத்தகத்தில் ஏறியது. 1869-ல் ழாஃப்ராவுடன் சேர்ந்து இன்னொரு கொடிய நரம்பு நோயை விவரித்தார். அதுதான் ஏஎல்எஸ். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கை முடக்கிய அதே நோய். பிரான்ஸில் அதற்கு ஷார்கோ நோய் என்றே பெயர். கை கால் தசைகள் மெலிந்துபோகும் ஷார்கோ-மாரி-டூத் நோய் 1886-ல் விவரிக்கப்பட்டது.

1882-ல் நரம்பு நோய்களுக்கென்றே தனிப் பேராசிரியர் பதவியை பிரான்ஸ் அரசு அவருக்காக உருவாக்கியது. உலகில் இப்படி ஒரு பதவி அதுவே முதல்முறை. பாபின்ஸ்கி, டூரெட், பியர் மாரி என அவரிடம் படித்தவர்களின் பெயர்களும் இன்று நோய்களுக்கும் பரிசோதனைகளுக்கும் வைக்கப்பட்டுள்ளன. 1885 அக்டோபரில் வியன்னாவில் இருந்து வந்த 29 வயது இளம் மருத்துவர் பிராய்ட், சில மாதங்கள் அங்கே தங்கிக் கற்றார். அந்த ஈர்ப்பில் தன் மூத்த மகனுக்கு ழான் மார்ட்டின் என்றே பெயர் வைத்தார்.

சறுக்கிய இடம்

இதே காலத்தில்தான் ஷார்கோ ஹிஸ்டீரியா பக்கம் திரும்பினார். உடலில் எந்தப் பாதிப்பும் தெரியாமலே வலிப்பு, முடக்கம், உணர்விழப்பு ஏற்படும் நிலைக்கு அப்போது அந்தப் பெயர். இது பெண்களுக்கு மட்டுமே வரும், கருப்பைதான் காரணம் என்ற பழைய நம்பிக்கையை ஷார்கோ ஏற்கவில்லை. ஆண்களுக்கும் வரும் என்று காட்டினார். இந்த நோயாளிகள் நடிக்கவில்லை என்றும் வாதாடினார். அந்த அளவுக்கு அது முன்னேற்றம்தான்.

ஆனால், அடுத்து நடந்ததுதான் பிரச்சினை. பெண் நோயாளிகளை மேடையில் நிறுத்தி, ஹிப்னாடிஸம் செய்து, கூட்டத்தின் முன்னால் அறிகுறிகளை வரவழைத்தார். எழுத்தாளர்கள், நடிகர்கள், பத்திரிகையாளர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிளான்ஷ் விட்மன் என்ற நோயாளி மயங்கிச் சரியும் காட்சியை ஆந்த்ரே ப்ரூயே 1887-ல் பெரிய ஓவியமாகவே வரைந்தார்.

நான்சி நகரத்து மருத்துவர் பெர்ன்ஹைம் இதை எதிர்த்தார். ஷார்கோ காட்டுவது நோயின் இயல்பு அல்ல, நோயாளிகளின் மனதில் விதைக்கப்பட்ட எதிர்பார்ப்பின் விளைவு என்பது அவர் வாதம். காலம் பெர்ன்ஹைம் பக்கம்தான் சாய்ந்தது. ஷார்கோ இறந்த பிறகு, அவரது சொந்த மாணவர் பாபின்ஸ்கியே குருவின் ஹிஸ்டீரியா கொள்கையைக் கைவிட்டார்.

எம்எஸ் விஷயத்தில் ஜெயித்தவர் இங்கே ஏன் தோற்றார்? எம்எஸ்ஸில் அவர் சொன்னதைச் சரிபார்க்கத் தழும்பு இருந்தது. ஊகம் தப்பாக இருந்தால், மைக்ரோஸ்கோப் காட்டிக் கொடுத்துவிடும். ஹிஸ்டீரியாவில் அப்படிச் சரிபார்க்க எதுவும் இல்லை. அவர் எதிர்பார்த்ததை நோயாளிகள் செய்து காட்டினார்கள். அதையே அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

1893 ஆகஸ்ட் 16-ஆம் தேதி, பிரான்ஸின் மொர்வான் பகுதிக்குப் பயணம் போயிருந்தபோது, 67 வயதில் ஷார்கோ காலமானார். எம்எஸ் நோய்க்கு அப்போதும் மருந்து இல்லை.

சரியாக 100 ஆண்டுகள் கழித்து

அடுத்த திருப்பத்துக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் எம்எஸ் நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதே ஆண்டில், எம்எஸ் நோயோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆய்வகத்தில் இன்னொன்றும் நடந்தது. சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவை ஆராய்ந்த விக்டர் ஆம்ப்ரோஸ் குழு, மைக்ரோ ஆர்என்ஏ என்ற நுண்ணிய மூலக்கூறைக் கண்டுபிடித்ததை வெளியிட்டது. அது வேலை செய்யும் விதத்தை கேரி ருவ்குன் விளக்கினார். இருவருக்கும் 2024-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மைக்ரோ ஆர்என்ஏ என்ன செய்யும்? டிஎன்ஏவை ஒரு பெரிய சமையல் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புரதம் வேண்டுமானால், செல் அந்தக் குறிப்பை ஒரு சீட்டில் நகல் எடுத்துக்கொள்ளும். அந்தச் சீட்டுதான் தூது ஆர்என்ஏ. மைக்ரோ ஆர்என்ஏ சுமார் 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட சின்னத் துண்டு. அது சீட்டில் போய் ஒட்டிக்கொண்டால், அந்தச் சமையல் நடக்காது, அல்லது குறைந்துவிடும். சுருக்கமா சொன்னா, எந்தப் புரதம் எவ்வளவு வேண்டும் என்று அடக்கி வைக்கும் கட்டுப்பாடு இது.

அதே தழும்பு, புதிய பார்வை

2009-ல் ஜெர்மனியின் மியூனிக் நகர விஞ்ஞானிகள், எம்எஸ் நோயால் இறந்தவர்களின் மூளைத் தழும்புகளில் எந்தெந்த மைக்ரோ ஆர்என்ஏக்கள் கூடியிருக்கின்றன, எவை குறைந்திருக்கின்றன என்று ஆராய்ந்து பிரெயின் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஷார்கோ பார்த்த அதே வகைத் திசுதான். கருவி மட்டும் வேறு.

தீவிரமாக அழிவு நடக்கும் தழும்புகளில் மைக்ரோ ஆர்என்ஏ-155, 34ஏ, 326 ஆகிய மூன்றும் அதிகமாக இருந்தன. இந்த மூன்றுக்கும் பொதுவான இலக்கு ஒன்று உண்டு. சிடி47 என்ற புரதம். நம் செல்கள் பலவற்றின் மேல் இது இருக்கும். குப்பை செல்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களிடம், இது நம்ம ஆள், விட்டுவிடு என்று சொல்லும் அடையாள அட்டை மாதிரி. மைக்ரோ ஆர்என்ஏக்கள் கூடும்போது சிடி47 குறையும். அட்டை இல்லாத இடத்தில் மேக்ரோஃபேஜ்களுக்குத் தடை நீங்கும், மயலினை விழுங்கும். இதுதான் அந்த ஆய்வு முன்வைத்த விளக்கம். ரத்தக்குழாய் ஓரத்தில் ஷார்கோ பார்த்த கொழுப்புத் துளிகளை இதோடு சேர்த்து யோசித்தால் விஷயம் பிடிபடும்.

155-ஐப் பொதுவாக நோய் எதிர்ப்பு செல்களோடு தொடர்புபடுத்துவார்கள். ஆனால் தழும்பில் உள்ள ஆஸ்ட்ரோசைட் செல்களிலும் அது இருந்தது. தழும்பில் பெருகிக் கிடப்பதாக ஷார்கோ வரைந்த கிளியா செல்களின் வகை இது. பிறகு நடந்த ஆய்வுகளில், மைக்ரோ ஆர்என்ஏ-155 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு எம்எஸ் போன்ற நோய் கடுமையாக வரவில்லை என்பதும் தெரிந்தது.

கெடுப்பவை மட்டும் இல்லை, உதவுபவையும் இருக்கு. மைக்ரோ ஆர்என்ஏ-219, 338 ஆகிய இரண்டும், மயலின் உறையைச் செய்யும் ஒலிகோடென்ட்ரோசைட் செல்கள் முதிர்ச்சி அடையத் துணை செய்பவை. பழைய தழும்புகளில் இவை குறைந்திருந்தன. போன உறை ஏன் திரும்ப வளரவில்லை என்ற கேள்விக்கு இது ஒரு துப்பு.

அப்படின்னா மருந்து வந்துடுச்சா?

இல்லை. மைக்ரோ ஆர்என்ஏவை மாற்றி எம்எஸ் நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல மரபணுக்களைத் தொடும். ஒன்றை அடக்கப் போய் வேறு எதையோ கெடுத்துவிடலாம். மருந்தை மூளைக்குள், அதுவும் சரியான செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. மேலும், இறந்தவரின் திசுவில் பார்ப்பது நோயின் காரணமா, விளைவா என்று பிரித்துச் சொல்வது கடினம். ரத்தத்தில் உள்ள மைக்ரோ ஆர்என்ஏக்களை வைத்து நோயின் போக்கைக் கணிக்க முடியுமா என்ற ஆய்வுகளும் நடந்து வருகின்றன.

அதே நேரம், இன்று எம்எஸ் நோயாளிகளின் நிலை ஷார்கோ காலம் போல இல்லை. புதிய தாக்குதல்களைக் குறைக்கவும், நோயின் வேகத்தை மட்டுப்படுத்தவும் பல மருந்துகள் வந்துவிட்டன. சீக்கிரம் கண்டுபிடித்து சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். ஒரு கண்ணில் திடீரென வலியோடு பார்வை மங்குவது, சில நாட்களுக்கு நீடிக்கும் மரத்துப்போதல், காரணமில்லாத தள்ளாட்டம் போன்றவை இருந்தால், தானாகச் சரியாகிவிட்டாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. இன்றைய ஆய்வுகளுக்கு மூளைத் திசு கிடைப்பது, இறந்த பிறகு தங்கள் உடலை ஆராய்ச்சிக்குக் கொடுக்க நோயாளிகளும் குடும்பத்தாரும் சம்மதிப்பதால்தான். சால்பெட்ரியர் பெண்களிடம் அன்று யாரும் கேட்காத அந்தக் கேள்வி, இன்று முதலில் கேட்கப்படுகிறது.